கண் சோதனையும் கணக்குச் சீட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இவ்விழாவில் பேசுமாறு நமக்குப் பணிக்கப்பெற்ற பொருள் இலக்கியமன்று, இசையுமன்று. கண் மருத்துவமனையில் சோதனைகள் செய்துகொண்ட பின் நம் கையில் தரப்படும் பில்லைப் பற்றியதாகும். சிறுவர் நடனத்துக்கும் நாடகத்துக்கும் இடையில் இப்பேச்சைச் செயலாளர் அமைத்திருப்பதன் நுட்பம் நமக்குப் புரியாமலில்லை. நாடகத்துக்குப் பின் அமைத்திருந்தால் வெறும் நாற்காலிகளை நோக்கி நாம் பேச நேர்ந்திருக்கும்.

நாம் மருத்துவர் அல்லோம்; மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்ததும் இல்லை. இரயில்வேயில் சரக்குப் பதிவுப் பிரிவில் எழுத்தராக ஊழியம் செய்து வருகிறோம். ஆயினும், சீட்டு எழுதுவதும், பிறர் எழுதிய சீட்டைப் படிப்பதும், அதில் ஒரு சொல் பிழைத்தால் என்ன விளையும் என்பதும் நமக்குத் தெரிந்த தொழில். அதனாற்போலும், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் ஏதேனும் வந்தால் குடியிருப்பில் உள்ளோர் அதை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருகின்றனர். அவ்வாறு வந்த கடிதங்களிற் பல கண்ணைப் பற்றியவை. இப்பேச்சு அக்கடிதங்களிலிருந்து பிறந்தது.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறோம். ஒருவர் இரயிலில் சரக்கு அனுப்ப வேண்டுமாயின் முதலில் பார்வர்டிங் நோட்டு எழுதித் தருகிறார். என்ன பொருள், எத்தனை எடை, எங்கிருந்து எங்கே என்பன அதில் இருக்கும். பொருளின் பெயரை வைத்தே அதன் வகுப்பும், வகுப்பை வைத்தே கட்டணமும் அமையும். எழுதிய பொருள் ஒன்று, ஏற்றிய பொருள் வேறு என்று கண்டுபிடிக்கப்பட்டால், மிக உயர்ந்த வகுப்புக் கட்டணத்தின் இருமடங்கு வரை வசூலிக்க 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 66ஆம் பிரிவு இடந்தருகிறது. நிலையங்களுக்கும் குறியெழுத்துகள் உண்டு. திருச்சிக்கு டி.பி.ஜே.; சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். மதராஸ் என்னும் ஊர்ப்பெயர் சென்னையென மாறியது 1996இல், அந்நிலையம் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கியது 2019இல்; குறியெழுத்து மட்டும் இன்றும் எம்.ஏ.எஸ். ஆகவே நிற்கிறது. பெயர் மாறும், மொழி மாறும், எழுதுவோர் கையெழுத்தும் மாறும், குறி நிலைத்திருக்கும். அதன் பயனே அதுதான்.

மருத்துவத்திலும் இப்படிப்பட்ட குறிகள் உண்டு. பாரிஸ் நகரத்துப் புள்ளியியல் அறிஞர் ஜாக் பெர்ட்டில்லான் என்பார் தொகுத்த மரணக் காரணங்களின் பட்டியல் 1893இல் சிகாகோவில் கூடிய அறிஞர் கழகத்தால் ஏற்கப்பட்டது. அது வளர்ந்து, 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்து, மரணத்தோடு நோய்களையும் சேர்த்துக்கொண்டு, இன்று ஐ.சி.டி. என்னும் பெயரால் வழங்குகிறது. அதன் பத்தாம் பதிப்பில் கண்ணுக்கு வாய்த்த எழுத்து எச். எச் 25 என்றால் மூப்பினால் வரும் கண்புரை. எச் 40 என்றால் கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய். எச் 36.0 என்றால் நீரிழிவினால் விழித்திரை கெடுவது. எச் 52 என்றால் கண்ணாடியால் சரிசெய்யத்தக்க பார்வைக் குறை. குறையொன்றும் கூறாமல் கண்ணைச் சோதித்துக்கொள்ள வந்தவருக்கும் இசட் 01.0 என ஓர் எண் வைத்திருக்கின்றனர். பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாயினும், நம்மிடம் வரும் சீட்டுகளில் பத்தாம் பதிப்பின் எண்களையே காண்கிறோம்.

இவை நோயின் எண்கள். செய்த சோதனைக்கு எண் தருவது வேறு நூல். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் முதன்முதலாக வெளியிட்ட சி.பி.டி. என்பது அது, ஒவ்வொரு மருத்துவச் செயலுக்கும் ஐந்திலக்க எண் தருவது. இவ்விரண்டு நூல்களையும் கையில் வைத்துக்கொண்டு பிழைக்கும் தமிழ் இளைஞரும் பெண்களும் சென்னை, கோவை, திருச்சி ஆகிய ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் உளர். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஓர் எண்ணும் செயலுக்கு ஓர் எண்ணும் இடுவது அவர்தம் பணி. நம் குடியிருப்புப் பிள்ளைகளிலும் சிலர் அவ்வேலையில் இருக்கின்றனர். 'கோடிங்' என்று சொன்னவுடன் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவதாக உறவினர் எண்ணிக்கொள்கின்றனர். பெண் பார்க்கும் இடங்களில் அதை யாரும் திருத்துவதும் இல்லை. உண்மையில் அது சரக்குப் பதிவு எழுத்தரின் வேலைக்கு நெருங்கிய உறவு.

அவர்கள் கண் சோதனைகளுக்கு எவ்வாறு எண் இடுகின்றனர் என்பதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். 92083 என்பது விரிவான பார்வைப் புலச் சோதனை. அஃதாவது, நேரே ஒரு புள்ளியை நோக்கியிருக்க, பக்கங்களில் மின்னும் ஒளி தெரிகின்றதா எனப் பொத்தானை அழுத்திக் கூறும் சோதனை. 92134 என்பது ஓ.சி.டி. கருவியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது. அதே கருவியால் பார்வை நரம்பைப் படமெடுத்தால் 92133. கண்ணாடிக்கு அளவு பார்ப்பது 92015. இவற்றுள் ஒன்றுக்குப் பணம் கேட்டால், அமெரிக்கக் காப்பீட்டாளர் நோயின் எண்ணையும் சோதனையின் எண்ணையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார். கிட்டப்பார்வை என்று மட்டும் எழுதிவிட்டுப் பார்வைப் புலச் சோதனைக்குப் பணம் கேட்டால் எதற்காக என்னும் கேள்வி எழும். கண் அழுத்த நோய் என்ற ஐயம் எழுதப்பட்டிருப்பின் அதுவே விடையாகிவிடும். விழித்திரை ஓ.சி.டி.யையும் நரம்பு ஓ.சி.டி.யையும் ஒரே வருகையில் இரண்டாக எழுத விதியில்லை. அங்கே முதியோர்க்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், கண்ணாடிக்கு அளவு பார்க்கும் செலவைத் தருவதே இல்லை. செல்வம் மிக்க நாடாயிற்றே என்று வியப்போர் வியக்கலாம்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உள. நோய் எண்ணின் அமெரிக்கப் பதிப்பில் எந்தக் கண் என்பதும் எண்ணுக்குள்ளேயே அடங்கும். மூப்பினால் வரும் கண்புரையில் ஒரு வகைக்கு எச் 25.11 என்றால் வலக்கண், எச் 25.12 என்றால் இடக்கண், எச் 25.13 என்றால் இரு கண்களும். மற்றொன்று, கருவி படம் எடுத்த மாத்திரத்தில் சோதனை முடிந்ததாகாது. மருத்துவர் அப்படத்தைப் படித்துத் தம் முடிவை எழுத வேண்டும். எழுத்தில்லாத படத்துக்கு முழுப் பணம் இல்லை. இவ்விதி நமக்கு மிகவும் பிடித்தது. படத்தை மட்டும் உறையிலிட்டுக் கொடுத்து அனுப்பிவிடும் இடங்களை நம் ஊரிலும் கண்டிருக்கிறோம்.

நிற்க. லோஹேகாவில் வசிக்கும் நமக்கு அமெரிக்க எண்களால் ஆவதென்ன என்று முன்வரிசையில் ஒரு நண்பர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. விமானம் ஒன்று மேலே செல்கிறது. அது கடந்தபின் விடையிறுக்கிறோம்.

நம் குடியிருப்பில் மருத்துவச் செலவு பல வழிகளில் கழிகிறது. நம்போன்ற இரயில்வே ஊழியர்க்குப் புனேயில் இரயில்வே மருத்துவமனை உண்டு; அங்கில்லாத சோதனைக்கு அவர்களே வெளி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவர். விமானப் படையில் ஓய்வு பெற்றோர்க்கு 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். பிற மத்திய அரசு ஊழியர்க்கு சி.ஜி.எச்.எஸ். இவற்றுக்கெல்லாம் ஒரே வாசற்படி ரெபரல் சீட்டு. அவசரம் முதலிய சில விலக்குகளைத் தவிர, அச்சீட்டில்லாமல் தாமாக ஓரிடத்துக்குச் சென்று சோதனை செய்துகொண்டு பின்னர் பணம் கேட்பது டிக்கெட் இல்லாமல் வண்டியேறிவிட்டுக் கட்டணச் சலுகை கேட்பதற்கு நிகர்.

சிக்கல் மிகுதியாக இருப்பது தனியார் பாலிசியில். மகனோ மருமகளோ கராடியிலும் விமான் நகரிலும் உள்ள கம்பெனிகளில் வேலை பார்க்க, அக்கம்பெனி தரும் பாலிசியில் பெற்றோரும் சேர்க்கப்பட்டிருப்பர். அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாச் செலவும் திரும்பி வருமெனப் பெரியவர்கள் நம்பியிருக்கின்றனர். அப்படி வருவதில்லை. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், கண்புரை அறுவை போல ஒரே நாளில் முடியும் சிகிச்சைக்கும் உரியவை. புற நோயாளியாகச் சென்று செய்துகொள்ளும் சோதனை, பாலிசியில் தனியே எழுதப்பட்டிருந்தாலன்றி, நம் கைப்பணமே. இங்கும் குறிகள் உள. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் பொதுவான விலக்குகளை ஒரே சொல்லில், ஒரே எண்ணில் எழுதுமாறு எல்லா நிறுவனங்களுக்கும் விதித்தது. விலக்கு 04 என்றால், நோயறியும் சோதனைக்காகவே மருத்துவமனையில் சேர்ந்த செலவு. விலக்கு 15 என்றால், 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறையை நீக்கும் சிகிச்சை. மறுப்புக் கடிதம் வந்தால் சினங்கொள்ளுமுன் அவ்வெண்ணைத் தேடுங்கள், பாதி விளங்கிவிடும்.

அறுவைக்கு முன் செய்யும் சோதனைகளுக்கு மட்டும் ஒரு திறப்பு உண்டு. 2020 ஏப்ரலில் வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்னும் பொதுப் பாலிசியில், சேர்க்கைக்கு முந்திய 30 நாள்களிலும் வீடு திரும்பிய பின் 60 நாள்களிலும் அதே நோய்க்காகச் செய்யும் செலவு தரப்படும். கண்புரைக்கு, ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 25 பங்கு, இவற்றுள் எது குறைவோ அதுவே எல்லை. பாலிசி எடுத்து 24 மாதங்கள் கழிந்திருக்கவும் வேண்டும். பிற பாலிசிகளில் நாள்களும் தொகைகளும் வேறுபடும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவருக்கு வலக்கண்ணில் புரை. அறுவைக்குப் பன்னிரண்டு நாள் முன்னர், உள்ளே வைக்கவேண்டிய லென்சின் அளவைக் கணிப்பதற்காகக் கண்ணின் நீளத்தை அளந்தனர், பயோமெட்ரி என்பர். அது இல்லாமல் அறுவையே இல்லை. பில்லிலோ 'கண் சோதனை' என்ற இரண்டே சொற்கள். பணம் தர மறுத்துக் கேள்வி வந்தது. நாம் அவருடைய மகனோடு சென்று, சோதனையின் பெயர், வலக்கண், தேதி, மருத்துவர் எழுதிய காரணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் பில்லாகக் கேட்டு வாங்கினோம். கௌண்டரில் இருந்த பெண் முதலில் முகஞ்சுளித்தாலும் ஐந்து நிமிடத்தில் அச்சிட்டுத் தந்துவிட்டாள். பணம் வந்தது. பொருளின் பெயரில்லாத பார்வர்டிங் நோட்டை நாம் வாங்கிக்கொள்வோமா? அவர்களும் வாங்கிக்கொள்ளவில்லை.

மற்றொருவர் செய்தி இவ்வளவு நன்றாக முடியவில்லை. அறுபதைக் கடந்த பெரியவர், நீரிழிவும் உண்டு. கண்ணில் அழுத்தம் மிகுந்திருப்பதாக ஐயுற்ற மருத்துவர் பார்வைப் புலச் சோதனையும் நரம்பின் ஓ.சி.டி.யும் எடுத்து, சொட்டு மருந்து எழுதி, ஆறு மாதத்தில் மீண்டும் வருமாறு கூறினார். சில ஆயிரம் ரூபாய்ப் பில். மகனுடைய பாலிசிக்கு அனுப்பினார். புற நோயாளிச் செலவு என்று திரும்பி வந்தது. விதிப்படி அம்மறுப்பில் தவறில்லை. ஆயினும் பெரியவர் மனம் ஆறவில்லை. "கண்தான் நன்றாகத் தெரிகிறதே, இதற்கு வேறு பிள்ளையின் பணத்தைக் கரைப்பதா?" என்று சோதனையையும் விட்டார், மருந்தையும் விட்டார். இரண்டு ஆண்டுகள் சென்றன. தெருவில் இடப்புறம் நிற்கும் ஸ்கூட்டரில் மோதிக்கொள்வதும், மேசைமேல் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவதுமாக இருந்தார். முதுமைத் தடுமாற்றம் என்று வீட்டார் எண்ணினர். பின்னர்ச் சோதித்தபோது பக்கப் பார்வையிற் பெரும்பகுதி போயிருந்தது. இந்நோயின் கொடுமை அதுவே: வலியில்லை, நேர்ப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும், போனது மீளாது, எஞ்சியதைக் காக்கலாம் அவ்வளவே. அப்பெரியவர் இன்று சொட்டு மருந்தைத் தவறாமல் இடுகிறார். அவருடைய இழப்புக்கு நோயைப் போலவே ஒரு சீட்டும் காரணம் என்று நாம் கருதுகிறோம். திரும்பி வராத பணத்தை வீண் செலவென்று எண்ணும் வழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் கூற வேண்டும். "ஒரு நாள் படுக்கையில் சேர்ந்ததாக எழுதி வாங்குங்கள், கிடைத்துவிடும்" என்றும், "இல்லாத நோயை எழுதினால் என்ன?" என்றும் அறிவுரை கூறும் நண்பர்கள் எல்லாக் குடியிருப்பிலும் உளர். முன்னதைத் தடுக்கவே விலக்கு 04 இருக்கிறது. பின்னது இன்னும் கேடானது. இல்லாத கிளாக்கோமாவை எழுதி இன்று சில ஆயிரம் பெற்றால், நாளை வேறு பாலிசி எடுக்கும்போது அது முன்னரே இருந்த நோயாக உங்கள் பெயரில் நிற்கும். உண்மையாகவே நோய் வரும் நாளில் அச்சீட்டே உங்களுக்கு எதிரான சாட்சி. பொய் கண்டுபிடிக்கப்பட்டால் பாலிசியே போகும். சிமெண்டைத் தானியம் என்று எழுதி ஏற்றியவர்கள் வழியில் எடை நிலையத்தில் நின்ற நிலையை நாம் பார்த்திருக்கிறோம். அத்தகைய அறுவடை நமக்கு வேண்டா.

உரிமை இருந்தும் மறுக்கப்பட்டால் வாளாவிருக்கவும் வேண்டா. மறுப்புக் கடிதம் பாலிசியின் எந்த விதிப்படி என்று கூற வேண்டும். நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒப்பாமல் மறுக்கவும் கூடாது என்று 2024 மே மாதத்து ஆணை கூறுகிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுக. ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அவ்வலுவலகம் நம் புனேயிலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டுவதில்லை, 50 இலட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் உண்டு. நீதிமன்றம் என்று அஞ்சி ஒதுங்க வேண்டிய இடமன்று அது.

பாலிசியே இல்லாதவர், இருந்தும் பயனில்லாதவர் என் செய்வது? சசூன் பொது மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. ஹடப்ஸரை அடுத்த முகம்மத்வாடியில் அறக்கட்டளை நடத்தும் எச்.வி. தேசாய் கண் மருத்துவமனை உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்வோர் மதுரைப் பக்கத்தவராயின் அரவிந்த் கண் மருத்துவமனையை அறிவீர்கள், டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது, கொடுப்பவரிடம் பெற்று இல்லாதவருக்கு இலவசமாகப் பார்க்கும் வழியால் உலகப் பெயர் பெற்றது. ஊருக்குப் போகும் பத்து நாள்களில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு முற்பகலைக் கண்ணுக்கு ஒதுக்கலாம். நீரிழிவுடையோர் ஆண்டுக்கொரு முறையும், வீட்டில் எவர்க்கேனும் கிளாக்கோமா இருந்தால் நாற்பது வயதைக் கடந்த மற்றையோரும் பார்த்துக்கொள்வது நன்று. கண்ணின் பாவையை விரிக்கச் சொட்டு விடுவர்; அன்று சில மணி நேரம் கண் கூசும். தனியே ஸ்கூட்டரில் போய்வராதீர்கள்.

சோதனை முடிந்ததும் கௌண்டரை விட்டு நகருமுன் பில்லை ஒருமுறை படியுங்கள். சோதனையின் பெயர் இருக்கிறதா? எந்தக் கண்? கட்டணம் ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? மருத்துவர் எழுதிய சீட்டில் காரணம் இருக்கிறதா? படத்தோடு அவர் கையொப்பமிட்ட முடிவும் வந்ததா? பெயர் பாலிசியில் உள்ளபடியே இருக்கிறதா? தந்தையார் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நாம், மராட்டிய வழக்கப்படி குடும்பப் பெயரை நிரப்பச் சொல்லும் இடங்களில் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொருவராகிவிடுகிறோம். 'எஸ். இராமசாமி' ஒரு சீட்டிலும் 'இராமசாமி சுப்பையா' மறு சீட்டிலும் இருந்தால் இருவர் என்றே கம்ப்யூட்டர் கொள்ளும்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிமுதல் பன்னிரண்டு வரை சங்கப் படிப்பகத்தில் இருப்போம். கண் சோதனைச் சீட்டுகள், பாலிசி, வந்த கடிதம் ஆகியவற்றை எடுத்து வருவோர்க்கு நம்மால் இயன்றவரை படித்துச் சொல்லுவோம். பாலிசி எழுத்து மிகச் சிறியது. கண்ணாடியையும் மறவாமல் கொண்டு வருக. நாடகத்துக்குத் திரை கட்டி முடிந்ததாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.